பால்கனிக் கதவைத் திற, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் நலமென்று நம்புகிறேன்.

கடிதத்தை உன் ஆபீஸ் முகவரிக்கே அனுப்புகிறேன். உங்கள் அபார்ட்மென்ட்டின் கீழே இருக்கும் தபால் பெட்டிக்குப் பூட்டு சரியில்லை, வந்தபோது பார்த்தேன். ஃபோனிலேயே பேசலாம்தான். ஆனால் நீ மத்தியானம் ஒன்றரை மணிக்குத்தான் கூப்பிடுகிறாய். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டு முடிப்பதற்குள் யாரோ உன்னை அழைத்துவிடுகிறார்கள். போன 3 வாரமாக அதுவும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, வேலை இருக்கும். அம்மா மட்டும், கொடுத்தனுப்பிய வடாம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். டப்பா பிரிக்காமல் உன் மேல் அலமாரியில் இருந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை.

உன் வீட்டில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வந்ததிலிருந்து அந்த வீட்டைப் பற்றியே யோசனை. 32 வருஷம் பொதுப்பணித்துறையில் கட்டடம் கட்டியவன் கண் எங்கே போனாலும் முதலில் ஜன்னலைத்தான் தேடும். நம்முடையது போல வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்த பகுதிகளில், அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு வேண்டும் என்று தேசியக் கட்டட விதிகளில் இருக்கிறது. விதிக் கணக்கில் கதவு சேராது என்றாலும், பால்கனிக் கதவைத் திறந்தால் உன் ஹாலுக்குக் காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரும். அந்தக் கதவை அடைத்துத்தான் சோஃபாவைப் போட்டு, பின்னால் 4 அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருக்கிறீர்கள். குடிவந்து 2 வருஷம் ஆகிறது. பெட்டியில் என்னம்மா என்று கேட்டேன். என் புத்தகங்கள்தான்ப்பா, அவருக்கு ஷெல்ஃபில் கசகசவென்று இருந்தால் பிடிக்காது என்றாய்.

சரி. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினால்கூடப் போதும், கதவு திறக்கும். காலையில் அரை மணி நேரமாவது வெளிச்சத்தில் நில். இரவில் உனக்குத் தூக்கமில்லை என்பது எனக்குத் தெரியும். 2 மணிக்கு நான் பாத்ரூம் போக எழுந்தபோது, நீ அடுக்களையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாய். தண்ணீர் குடிக்க வந்தேன் என்றாய். கையில் டம்ளர் இல்லை.

படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ராஜர் உல்ரிச் என்று ஒருவர் 1984-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்களாம். வலிக்கான வீரியமான மருந்தும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டதாம். அதனால் ஒரு தொட்டியாவது வை. துளசி வேண்டாம், வெயில் போதாது. மணி பிளான்ட் வை.

சத்தமும் அதிகம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று மத்திய அரசு 2000-ல் விதி போட்டது. உங்கள் மெயின் ரோட்டுக்கு அதெல்லாம் தெரியாது. ஆனால் அந்தச் சத்தம் உங்களை ஒன்றும் செய்யவில்லை, அதைத்தான் நான் சொல்ல வந்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் நீ மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாய். கீழே ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டு போனது. சின்னவன் தரையில் கார்களை வரிசையாக விட்டு விளையாடிக்கொண்டிருந்தான், தலையைத் தூக்கவில்லை. அப்போது லிஃப்ட் 'டிங்' என்றது. நீ மிக்ஸியை நிறுத்தினாய். அவன் இரண்டு கையாலும் கார்களை அள்ளி டப்பாவுக்குள் போட்டான். யாரும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. செருப்புச் சத்தம் எதிர் வீட்டுப் பக்கம் போனது, சாவி போடும் சத்தம் கேட்டது. நீ மறுபடியும் மிக்ஸியைப் போட்டாய். அவன் ஒவ்வொரு காராக வெளியே எடுத்தான்.

எட்டரை மணிக்குள் இப்படி மூன்று தடவை.

அப்புறம் மாப்பிள்ளை வந்தார். காபி சாப்பிட்டீங்களா மாமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். அவரைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. வீட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஊருக்கு வந்ததும் படித்துப் பார்த்தேன். லாஸ் ஏஞ்சலஸில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் 30 வீடுகளில் ஆராய்ச்சி செய்து, 2010-ல் வெளியிட்டிருக்கிறார்கள். அவரவர் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லி, பேசுவதைப் பதிவு செய்து, எச்சிலில் கார்ட்டிசால் என்ற, மன அழுத்தத்தில் ஏறும் சுரப்பை அளந்திருக்கிறார்கள். அது காலையில் ஏறி, பொழுது சாய்வதற்குள் இறங்க வேண்டுமாம். சாமான் அடைசலாகக் கிடக்கிறது, வேலை முடியவில்லை என்று வீட்டைப் பற்றிச் சொன்ன பெண்களுக்கு அது சரியாக இறங்கவில்லை. உன் வீட்டில் அடைசலே கிடையாது. ஆபீஸ் வேலையும் பார்த்துக்கொண்டு வீட்டைத் துடைத்து வைத்தாற்போல் வைத்திருக்கிறாய், ஊரில் எல்லாரிடமும் பெருமையாகத்தான் சொன்னேன். ஆனால் உனக்கு அது சாயங்காலம் இறங்குகிறதா, ஏறுகிறதா?

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் ராஜ்தூத் பைக் உனக்கு ஞாபகம் இருக்கும். தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குக் கேட்கும். சைட்டில் கான்ட்ராக்டரோடு போட்ட சண்டையெல்லாம் அந்த வண்டியோடு சேர்ந்து நம் வீட்டுக்கு வரும். நான் வரும்போது வீடு அமைதியாக இருக்கும், நீ படித்துக்கொண்டிருப்பாய், அம்மா காபியோடு நிற்பாள். என்ன ஒரு ஒழுங்கான குடும்பம் என்று மற்ற இன்ஜினீயர்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன். நீ அப்போது ஆறாம் வகுப்பு. திண்ணையில் ஏறும்போது உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நீயும் அம்மாவும் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தீர்கள். நீ சோழியைத் திருடிவிட்டாய் போலிருக்கிறது, அம்மா மூச்சு விடமுடியாமல் சிரித்தாள். உன் அம்மாவுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கல்யாணமாகி 14 வருஷம். செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு உள்ளே வந்தேன். ரேடியோ நின்றது. அம்மா எழுந்து அடுக்களைக்குப் போனாள், அடுப்பில் ஒன்றும் இல்லை. நீ சோழியைக் கைக்குள் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாய். நான் முகம் கழுவி, காபி குடித்து, பேப்பர் படித்து முடிக்கும்வரை அந்தக் கையைத் திறக்கவே இல்லை.

அன்று நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். திருடினது எத்தனை என்று கேட்டிருக்கலாம். பேப்பர் படித்தேன்.

அதற்கு அடுத்த வருஷம்தான் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை ஆரம்பித்தது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். குறைத்தோம்.

சின்னவன் கார்களை அள்ளியபோது எனக்கு உன் கைதான் தெரிந்தது. லிஃப்ட் சத்தத்துக்கு மிக்ஸியை நிறுத்த நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்று நான் யாரிடம் போய்க் கேட்பது?

மாடி அறை ஜன்னல் மழையில் ஊறி இறுகிக் கிடந்ததல்லவா, ஆசாரியை வரச்சொல்லி இழைத்துவிட்டேன். இப்போது ஒரு விரலால் தள்ளினால் திறக்கிறது, தென்னை தெரிகிறது. சுவரில் புத்தகத்துக்குப் பலகை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த 4 பெட்டிக்கும் அங்கே இடமில்லையென்றால் இங்கே அனுப்பிவிடு. நீயும் சின்னவனும் வருவதென்றாலும் லீவு வரட்டும் என்று பார்க்க வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். காலையில் சோழன் எக்ஸ்பிரஸில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மயிலாடுதுறை. ஸ்டேஷனுக்கு ஆட்டோவோடு வந்து நிற்கிறேன். சின்னவன் கார்களை டப்பாவில் போடாமல் அப்படியே பையில் கொண்டுவரட்டும், கூடம் முழுக்க விட்டுக்கொள்ளலாம்.

பால்கனிக் கதவை மட்டும் நாளைக்கே திற.

இதை அம்மாவிடம் படித்துக் காட்டவில்லை. வடாம் பற்றி எழுதினீர்களா என்று கேட்டாள். எழுதினேன் என்றேன்.

அன்புடன்,
அப்பா