மேற்கோள் குறியை எங்கே வளைக்கலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் இணையப் பதிப்பின் கணினிப் பக்கத்தில் வந்த எக்செல் சூத்திரத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டினேன், பிழை காட்டியது. அடைப்புக்குறிகளை எண்ணினேன், காற்புள்ளிகளைப் பார்த்தேன், எல்லாம் சரியாகவே இருந்தன. அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் கண்ணில் பட்டது: "ஆம்" என்று நேராக இருக்க வேண்டிய மேற்கோள் குறிகள் “ஆம்” என்று வளைந்திருந்தன. படிக்கிற நமக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கோ அவை வேறு வேறு எழுத்துகள். எக்செல்லும் பெரும்பாலான நிரல்மொழிகளும் நேர்க்குறியைத்தான் ஏற்கும்.

எழுதியவரைக் குறை சொல்லவில்லை, அவர் நேர்க்குறியைத்தான் தட்டியிருப்பார். டைப்ரைட்டரில் விசைகளை மிச்சப்படுத்த, திறக்கவும் மூடவும் ஒரே குறியை வைத்தார்கள். கணினி விசைப்பலகைக்கும் அதுவே வந்துவிட்டது. வேர்டு அதைத் தானாக வளைக்கிறது. முன்னால் இடைவெளி இருந்தால் திறக்கும் குறி, எழுத்து இருந்தால் மூடும் குறி, அவ்வளவுதான் அதன் கணக்கு. அதனால்தான் நீண்ட கோடு (—) ஒன்றை ஒட்டி மேற்கோள் தொடங்கினால் மூடும் குறி வந்து விழுகிறது.

வளைவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டுரைக்கும் கதைக்கும் வளைந்த குறிதான் அழகு, பேச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் பளிச்சென்று தெரியும். ஆனால் சூத்திரம், நிரல், கட்டளை என்று வரும்போது அதை நிறுத்திவிட வேண்டும். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங் வழியாக ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸைத் திறந்து, ‘ஆட்டோஃபார்மட் ஆஸ் யூ டைப்’ பகுதியில் ஸ்மார்ட் கோட்ஸ் (வளைந்த குறிகள்) என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்தால் போதும். கூகுள் டாக்ஸில் டூல்ஸ், பிரிஃபரன்ஸஸ். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நேர்க்குறி வேண்டுமென்றால் தட்டியவுடன் கண்ட்ரோல் இசட் அழுத்துங்கள், வளைந்தது நிமிர்ந்துவிடும், எழுத்து அழியாது.

இன்னொன்றும் கவனித்தேன். ஒரே செய்தியில் ஒரு பத்தியில் நேர்க்குறி, அடுத்த பத்தியில் வளைந்த குறி. வேறிடத்திலிருந்து ஒட்டிய பகுதியை வேர்டு தொடாது, தட்டுவதை மட்டும்தான் வளைக்கும் என்பதால் வரும் கலப்பு இது. ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் இரண்டு பெட்டியிலும் அதே நேர்க்குறியைப் போட்டு ரீப்ளேஸ் ஆல் கொடுத்தால், டிக் இருக்கும்போது எல்லாம் வளையும், இல்லாவிட்டால் எல்லாம் நிமிரும். ஒற்றைக் குறிக்குத் தனியாக ஒரு முறை செய்ய வேண்டும். அப்புறம், அந்தச் சூத்திரம் இன்னும் வளைந்த குறிகளோடுதான் இருக்கிறது, தயவுசெய்து இன்றே திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பக்கத்தை விடாமல் படிக்கும் வாசகர்