புதுக்கடையில் இருக்கும் மகளுக்கு

பொகவந்தலாவை

அன்புள்ள மகளுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. அரசாங்கத்துக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் சட்டமா அதிபர் திணைக்களத்தில் அரச சட்டவாதியாகச் சேர்ந்து மூன்றாண்டுகள் நிறைவதற்குள் தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியத்தின் முதலீடு பற்றிய கோப்புகள் உன் மேசைக்கு வந்துவிட்டன என்று சொன்னாய். "கடன் கேட்பதும் அரசாங்கம், கொடுக்கிற பணத்தை வைத்திருப்பதும் அரச நிறுவனம், இரண்டு பக்கத்துக்கும் அபிப்பிராயம் எழுதுவது நாங்கள், நான் யாருடைய சட்டத்தரணி, அப்பா?" என்றும் கேட்டாய். தோட்டக் காரியாலயத்தில் முப்பத்தோராண்டுகள் செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேடு எழுதியவனுக்குச் சட்டம் தெரியாது. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து புறப்படுகிறது என்பது தெரியும்.

அது தொழிலாளர் காலையில் கூடும் பிரட்டுக்களத்தில் புறப்படுகிறது. காலையில் பேர் விழுந்து, மாலையில் கொழுந்து நிறுத்து, கிலோ குறைந்தால் அரைநாள் சம்பளமான அரைப்பேராகி, மாத முடிவில் என் பேரேட்டில் ஒரு தொகையாக நிற்கும். அதில் நூற்றுக்கு 8ஐத் தொழிலாளியிடம் கழித்து, தோட்டம் தன் பங்காக 12ஐச் சேர்த்து, அடுத்த மாத முடிவுக்குள் பங்களிப்புப் பட்டியலான சி படிவத்துடன் நிதியத்துக்கு அனுப்ப வேண்டும். அட்டை கடித்த காலுடன் மழையில் நின்றவள் ஒரு நாள் அரைப்பேர் வாங்கினால், அவளுடைய சேமலாபமும் அன்றைக்குப் பாதியாகும். கொழும்பில் கோடிகளாகப் பேசப்படும் நிதி இந்தப் பாதிகளும் முழுக்களும் சேர்ந்ததுதான்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ சிறு பிள்ளையாக இருந்த காலத்தில், எங்கள் தோட்டத்தில் தொடர்ந்து பதினான்கு மாதங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம் கழிக்கப்பட்டது. ஆனால் ஒரு சதமும் அனுப்பப்படவில்லை. பட்டியலை மட்டும் மாதந்தோறும் நான் தட்டெழுத்தில் அடித்துக் கோப்பில் வைத்தேன். மேல் கணக்கு எனும் தோட்டத்தின் மேற்பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெண், தன் நிதிய உறுப்பினர் அட்டையான பி அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு மூன்று முறை காரியாலயத்து யன்னலுக்கு வந்தாள். மூன்று முறையும் "அடுத்த மாதம் வா" என்றேன். பிந்தினால் நூற்றுக்கு 50 வரை மேலதிகக் கட்டணம் அறவிடலாம் என்று சட்டத்தில் இருப்பதும், தொழில் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் போட்டாலே விசாரணை வரும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தன. எங்கள் உத்தியோகத்தர்களின் பணம் தனிச் சங்கமொன்றில் இருந்தது. ஆகவே அங்கே காணாமற்போனது என் பணமல்ல. அதனால்தான் பேசாதிருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ள முடிகிறது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நீ வாசிக்கச் சொன்ன 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதியச் சட்டத்தை உன் தம்பியின் கணினியில் வாசித்தேன். பொது நிருவாகம் தொழில் ஆணையாளரிடம். பணத்தின் பொறுப்பு மத்திய வங்கியின் நாணயச் சபையிடம். 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டத்துக்குப் பிறகு அந்த இடத்தில் ஆளும் சபை இருக்கிறது. உடனடித் தேவைக்கு வேண்டாத பணத்தைச் சபை தகுந்ததெனக் கருதும் பிணையங்களில், அதாவது கடன் பத்திரம் போன்றவற்றில், இடலாம் என்று ஒரே வரியில் சட்டம் முடித்துவிடுகிறது. நான்கு இலட்சம் கோடி ரூபாயைக் கடந்துவிட்ட ஒரு நிதிக்கு இவ்வளவு சுருக்கமான கட்டளையா என்று முதலில் வியந்தேன். பிறகு, எவ்வளவு குறைவாக எழுதப்பட்டிருக்கிறதோ அவ்வளவுக்கு அதிகமாக உன்னைப் போன்றவர்களின் அபிப்பிராயத்தில் தங்கியிருக்கிறது என்பது விளங்கியது. அந்தப் பணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அரசாங்கப் பிணையங்களில் கிடப்பதால், உன் சங்கடம் கற்பனையுமல்ல.

2015 பெப்ரவரி 27ஆந் திகதி, நூறு கோடி ரூபாய்க்கு என்று மத்திய வங்கி அறிவித்த 30 ஆண்டுத் திறைசேரி முறிக்கு, அதாவது அரசாங்கக் கடன் பத்திரத்துக்கு, அதன் பத்து மடங்கு ஏற்கப்பட்ட கதை உனக்குத் தெரியும். நிதியம் முறிகளை நேரே ஏலத்தில் வாங்காமல் ஏற்கனவே வாங்கியவர்கள் மறுபடி விற்கும் இரண்டாந்தரச் சந்தையில் கூடிய விலைக்கு ஏன் வாங்கியது என்பது பின்னர் சனாதிபதி ஆணைக்குழுவின் முன் வந்த கேள்விகளில் ஒன்று. வாங்குவதற்கு அதிகாரம் இருந்ததா என்று மட்டும் கேட்டால் பதில் "இருந்தது" என்றே வரும். ஏன் இந்த விலை, ஏன் இவரிடம், ஏன் இன்று என்று கேட்பதற்கு உன் அபிப்பிராயத்தில் ஒரு பந்தி இடம் வை. அதற்கு உன் மேலதிகாரி முகஞ்சுளித்தாலும் பரவாயில்லை.

2023இன் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு இன்னும் சிக்கலானது. ஓய்வூதிய நிதியங்கள் தம் முறிகளை 2027 முதல் 2038 வரை முதிரும் புதிய முறிகளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. வட்டி தொடக்கத்தில் 12 வீதம், பின்னர் 9 வீதம். மறுத்தால் முறி வருமானத்தின் மீதான வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகியிருக்கும். வங்கிகள் ஏற்கனவே கூடிய வரி செலுத்துகின்றன என்று சொல்லி அவற்றின் முறிகளை விலக்கினார்கள். இதற்கு விருப்பப் பரிமாற்றம் என்று பெயர். தோட்டத்துரை பிரட்டில் நின்று, விருப்பமுள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் மலைக்கு வரலாம் என்று சொல்லும்போது இருந்த விருப்பம் எனக்கு நினைவுக்கு வந்தது. நிதியம் ஏற்றது பிழை என்று நான் சொல்லவில்லை. கணக்குப் பார்த்தால் மறுப்பதே பெரிய நட்டமாகியிருக்கும். ஆனால் அந்த நிலைமையை உண்டாக்கியவரும் ஏற்றுக்கொள்ளும்படி ஆலோசனை பெற்றவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், உறுப்பினரின் பக்கத்தைத் தனியாக எடுத்துச் சொன்ன ஒரு காகிதமாவது கோப்பில் இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்திய ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆக ஏறியபோது, அந்த ஆண்டுக்கு உறுப்பினருக்குக் கிடைத்த வட்டி 9 வீதம் என்பதையும் யாராவது அதில் எழுதியிருக்க வேண்டும்.

ஆகவே, மகள், அரசாங்கத்துக்கு எதிராக எழுது என்று நான் சொல்லவில்லை. உன் சம்பளமும் கடமையும் அங்கேதான் இருக்கின்றன. இரண்டு பக்கத்துக்கும் ஒருத்தியே எழுத வேண்டிவந்தால், அந்த முரணை முதற் பக்கத்திலேயே எழுதி, ஒரு பக்கத்தை வேறு சட்டவாதியிடமோ வெளியிலுள்ள சட்டத்தரணியிடமோ கொடுக்கும்படி கேள். மறுத்தார்கள் என்றால், மறுத்தார்கள் என்பதும் கோப்பில் இருக்கட்டும். யன்னலில் நின்ற என்னிடம் அப்படி ஒரு வரி எழுதிய காகிதம் இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்திருப்பேன்.

அவள் இறந்து பல வருடங்களாகின்றன. அவளுடைய பேத்தி கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். போன மாதம் விடுமுறையில் வந்தவள் தன் கணக்கு மீதியைப் பார்த்துத் தரச் சொன்னாள். பார்த்துக் கொடுத்தேன். பிறகு, "தாத்தா, நம்ம காசுக்குக் கொழும்புல யாரு பேசுறா?" என்று கேட்டாள். உன்னிடம் கேட்டுச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். வேலை ஓய்ந்த ஒரு மாலையில் அவளுக்கு விளங்குகிற மாதிரி இரண்டு வரி எழுதி அனுப்பு. கோப்பு மொழி வேண்டாம்.

அன்புடன்,
அப்பா