பேட்டரியில் ஆசிட் ஊற்றாதே

செங்கோட்டை

அன்பு மகளுக்கு,

கரண்ட் போனால் இன்வெர்ட்டர் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றாய். புனலூரில் இடவப்பாதி மழை (ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழை) பிடிப்பதற்குள் பேட்டரியைப் பார்த்துவிடு.

புது ஆசிட் ஊற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே. ஆவியாய்ப் போவது தண்ணீர்தான், ஆசிட் இல்லை. சார்ஜ் இறங்கியே கிடந்தால் ஆசிடிலுள்ள சல்பேட் ஈயத் தகட்டில் படிந்து கெட்டியாகிவிடும். மெதுவாகச் சார்ஜ் ஏற்றி அதைக் கரைத்துத் திரும்ப ஆசிடுக்குக் கொண்டுவருவதுதான் வேலை. மேற்கொண்டு ஆசிட் விட்டால் ஹைட்ரோமீட்டர் (ஆசிடின் அடர்த்தி பார்க்கும் கருவி) நன்றாகக் காட்டும், தகடு அரித்துப்போகும். பேதி உப்பும் அப்படியே: மீட்டரை ஏற்றும், பேட்டரியைத் தேற்றாது.

இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நெகட்டிவ் வயரை முதலில் கழற்று. வளையல் வேண்டாம் தாயி. ஸ்பேனரோடு பட்டால் ஷார்ட் ஆகும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள். ஜன்னல் திறந்திருக்கட்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கிளம்பும், பக்கத்தில் விளக்கு ஏற்றக் கூடாது.

பேட்டரிக்குள் செல் என்று ஆறு அறை உண்டு. தகடு வெளியே தெரிகிற செல்லில் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விடு. கோடுவரை நிரப்புவது சார்ஜ் முடிந்த பிறகு. முன்பே நிரப்பினால் பொங்கி வழியும். கிணற்றுத் தண்ணீர் ஆகவே ஆகாது, அதிலுள்ள இரும்பும் குளோரைடும் தகட்டைக் கெடுக்கும்.

உன்னுடையது 150 ஆம்பியர்-ஹவர். தனி சார்ஜர் வாங்கி 5 ஆம்பியரில் வை. ஒன்றிரண்டு நாள் ஆகலாம், அவசரப்படாதே. பேட்டரியின் பக்கவாட்டை அடிக்கடி தொட்டுப் பார். கை பொறுக்காத சூடு என்றால் நிறுத்தி, ஆறவிட்டுத் தொடங்கு. ஆறு செல்லும் ஒன்றுபோலக் கொப்பளித்து, ஹைட்ரோமீட்டர் கணக்கு 3 மணி நேரம் மாறாமல் நின்றால் போதும்.

உன்னுடையது போன்ற டியூபுலர் (குழாய் வடிவத் தகடுள்ள) பேட்டரிக்கு ஹைட்ரோமீட்டர் 1.240 ஒட்டிக் காட்ட வேண்டும். ஐந்து செல் 1.230 காட்டி ஒன்று மட்டும் 1.150-இல் நின்றால் அந்தச் செல் போய்விட்டது. ராத்திரி முழுதும் சும்மா வைத்துவிட்டு வோல்ட் பார்: 12.5 ஒட்டி இருந்தால் நல்லது, 10.5 என்றால் ஒரு செல் உள்ளே ஷார்ட், மேற்கொண்டு செலவழிக்காதே.

டெர்மினலில் பூத்திருப்பதைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடை. அதற்குமுன் மூடிகளை இறுக்கிவிடு. சோடா உள்ளே போனால் ஆசிட் செத்துவிடும். வயரை முடுக்கிய பின் வாஸ்லின் தடவு.

மாற்றத்தான் வேண்டுமென்றால் பழையதைக் கடையிலேயே எடுத்துக்கொள்வார்கள். 50 கிலோவுக்கு மேல் இருக்கும், மாப்பிள்ளை தனியாகத் தூக்க வேண்டாம்.

அப்பா