ஜல்லி வண்டிக்கும் ஓர் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிஜ ரயிலை அப்படியே சிறிதாக்கிச் செய்யும் மாதிரி ரயில்களின் சேகரிப்பைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். தமிழ் இதழ் ஒன்று இந்தப் பொழுதுபோக்குக்குப் பக்கங்கள் ஒதுக்கியது மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் நீராவி எஞ்சின், டீசல் எஞ்சின், பயணிகள் பெட்டி என்று விரிவாக எழுதிய கட்டுரையாளர், சரக்கு வண்டிகளை ஒரே பத்தியில் முடித்துவிட்டார். தண்டவாளத்துக்கு ஜல்லி கொண்டுவந்து கொட்டும் பல்லாஸ்ட் வேகனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பல ஆண்டுகளாக நான் தேடித் தேடிச் சேர்ப்பது அதைத்தான். எனவே எழுதாமல் இருக்க முடியவில்லை.

ரயிலின் பாரத்தைத் தண்டவாளம் தாங்குகிறது. தண்டவாளத்தை அதன் அடியில் குறுக்கே கிடக்கும் கட்டையான ஸ்லீப்பர் தாங்குகிறது. ஸ்லீப்பரைத் தாங்குவது ஜல்லி. பாரத்தைப் பரப்பி மண்ணில் இறக்குவதும், மழைநீரை வடியவிடுவதும், சித்திரை வெயிலில் நீளப் பார்க்கும் தண்டவாளம் பக்கவாட்டில் நெளிந்துவிடாமல் பிடித்துக்கொள்வதும் அதன் வேலை. ஆற்றுக் கூழாங்கல் இதற்கு உதவாது, உருண்டு ஓடிவிடும். உடைத்த கருங்கல்லின் கூரிய முனைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். நம் ரயில்வேயில் பெரும்பாலும் 20 முதல் 65 மி.மீ. வரையிலான கல்லே போடப்படுகிறது. அந்தக் கல்லை ஏற்றி வந்து, நடை வேகத்தில் நகர்ந்தபடியே அடிக்கதவு வழியாகக் கொட்டிச் செல்லும் வண்டி இல்லையென்றால், அட்டைப்படத்தில் நீங்கள் போட்டிருந்த அந்த அழகான எஞ்சின் ஓட வழியே இல்லை.

நான் சேர்ப்பது ‘என்’ (N) என்ற ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும் சிறிய அளவு மாதிரிகள். தண்டவாள இடைவெளி 9 மி.மீ. ஐரோப்பிய, அமெரிக்க மாதிரிகள் 1:160 விகிதத்திலும் (அதாவது நிஜ வண்டியின் 160-இல் ஒரு பங்கு), பிரிட்டிஷ் மாதிரிகள் 1:148 விகிதத்திலும், ஜப்பானியக் குறும்பாதை வண்டிகள் 1:150 விகிதத்திலும் வருகின்றன. மூன்றையும் ஒரே வரிசையில் கோத்து ஓட்டினால் பழகிய கண்ணுக்கு உறுத்தும். வாங்குமுன் பெட்டியில் விகிதத்தைப் பார்த்துவிடுங்கள் என்று புதியவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பிரிட்டிஷ் ரயில்வே தன் பராமரிப்பு வண்டிகளுக்குக் நீர்வாழ் உயிரினங்களின் பெயர்களை வைத்திருந்தது. தந்தியில் சுருக்கமாகக் குறிப்பிடுவதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. டாக்ஃபிஷ், கேட்ஃபிஷ் இரண்டும் நான்கு சக்கர ஜல்லி வண்டிகள். ஷார்க் என்பது, கொட்டிய ஜல்லியை ஒதுக்கிச் சமன்செய்யும் கலப்பை பொருத்திய, கார்டு பயணிக்கும் பிரேக் வண்டி. தொலைவிலிருந்து பார்த்தால் டாக்ஃபிஷும் கேட்ஃபிஷும் ஒன்றுபோலத் தோன்றும். கேட்ஃபிஷ் தண்டவாளங்களுக்கு நடுவில் மட்டுமே கொட்டும், டாக்ஃபிஷ் நடுவிலும் இரு புறமும் கொட்டும். ஆகவே டாக்ஃபிஷின் ஒரு முனையிலுள்ள மேடையில் கதவுகளைத் திறக்க மூன்று கைச்சக்கரங்கள் இருக்கும். இந்த மூன்று சக்கரங்கள்தாம் எனக்கு அந்த வண்டியின் முகம்.

சிறிய மாதிரிகளில் இந்தச் சக்கரம் பெரும்பாலும் தடித்த பிளாஸ்டிக் வட்டாகவே வார்க்கப்பட்டிருக்கும், ஆரக்கால்களுக்கு இடையே வெளிச்சம் தெரியாது. அதை மெல்லிய கத்தியால் சீவி எடுத்துவிட்டு, பழுதான பெண்கள் கைக்கடிகாரத்தின் குட்டிப் பற்சக்கரம் ஒன்றைப் பல்லை உரசி நீக்கிப் பொருத்திப் பாருங்கள். 3 மி.மீ. அகலம்கூட இராது. ஆனால் அதன் ஆரக்கால் வழியே பின்னாலிருக்கும் தொட்டியின் சரிவு தெரியும்போது வண்டிக்கு உயிர் வந்துவிடுகிறது. காரைக்குடியில் கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் இப்படிப்பட்ட சக்கரங்களை டப்பா டப்பாவாக வைத்திருக்கிறார்கள். கேட்டால் மனமுவந்து தருகிறார்கள்.

அடுத்தது சுமை. பல சேகரிப்பாளர்கள் பணத்தைக் கொட்டி வண்டி வாங்கிவிட்டு, கோட்டைவிடுவது இங்கேதான். 1:160 விகிதத்தில் 65 மி.மீ. கல் 0.4 மி.மீ. ஆகிறது, 20 மி.மீ. கல் 0.125 மி.மீ. ஆகிறது. 1 மி.மீ. மணல் ஒன்றைப் போட்டால் அது நிஜத்தில் 16 செ.மீ. பாறைக்குச் சமம். பாதை பராமரிக்கும் எந்த கேங்மேனும் அதைப் ‘பீட்டர்’ என்னும் ஜல்லி குத்தும் கருவியால் ஸ்லீப்பருக்கு அடியில் குத்தி ஏற்ற முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் மாதிரி ஜல்லி சில, வால்நட் ஓட்டைப் பொடித்துச் செய்தவை. எடை குறைவு, பசைநீர் விட்டதும் மிதக்கும். நமக்கு ஏன் அது? புதுக்கோட்டைப் பக்கத்துக் கிரஷர்களில் கிடைக்கும் கருங்கல் தூளே அசல் சரக்கு. அலசிக் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்துப் பருமணலை நீக்கிவிட்டு, மல்துணியில் வஸ்திரகாயம் செய்து, அதாவது துணியால் சலித்து, மாவையும் நீக்கினால், நடுவில் தங்குவது நமக்கு வேண்டிய ஜல்லி. காகிதத்தில் சுற்றிய காந்தத்தை அதன்மேல் ஒருமுறை ஓட்டிவிட வேண்டும். இரும்புத்தாது கலந்த மணிகள் பாதையில் கிடந்தால் எஞ்சினின் மோட்டார் காந்தம் அவற்றை இழுத்துக்கொள்ளும்.

தொட்டியில் ஜல்லியை விளிம்போடு வழித்துச் சமமாக நிரப்பக் கூடாது. லோடர் வாளி வாளியாகக் கொட்டுவதால் நிஜ வண்டியில் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். தெர்மாகோலை அந்த வடிவில் செதுக்கி, மேலே ஜல்லியைத் தூவி, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு துளி சேர்த்து, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எடையையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கத் தேசிய மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி ‘என்’ அளவு வண்டிக்கு அரை அவுன்ஸோடு, நீளத்தில் அங்குலத்துக்கு 0.15 அவுன்ஸ் சேர வேண்டும். மூன்று அங்குல வண்டிக்கு ஏறக்குறைய 27 கிராம். இதற்காகத் தூண்டில் ஈயக் குண்டுகளை அடியில் வைப்பவர்கள் அவற்றை வெள்ளைப் பசையால் ஒட்டவே கூடாது. நாளடைவில் ஈயம் அந்தப் பசையோடு வினைபுரிந்து உப்பி, தொட்டியையே பிளந்துவிடும். அரால்டைட் போன்ற எபாக்சி பசைதான் பாதுகாப்பு.

பூச்சு வேலைக்கு நம் ஊரிலேயே பொருள் இருக்கிறது. கோலத்துக்குக் கரை கட்டும் காவி, இரும்புத் துருவைப் போலவே இரும்பு ஆக்சைடு வகைதான். கல் உராய்ந்து பெயின்ட் போன தொட்டியின் உட்புறத்துக்குக் காவி, கதவுகளைச் சுற்றி வெளிர் சாம்பல் நிறக் கல்தூள், அதன்மேல் பளபளப்பில்லாத வார்னிஷ். அவ்வளவுதான்.

பளபளப்பு என்றதும் ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். இங்குள்ள பழம்பொருள் கடைகளில், செட்டிநாட்டு வீடுகளின் பரணிலிருந்து இறங்கிய பழைய தகர ரயில்கள் எப்போதாவது கண்ணில் படும். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல அவற்றையும் புளி போட்டுத் தேய்த்து விற்பனைக்கு வைக்கிறார்கள். ஒரு கடையில் நான் பார்த்த சரக்கு வண்டியில் எழுத்தும் எண்ணும் முழுதும் அழிந்து, வெறும் தகரம் மின்னிக்கொண்டிருந்தது. அது எந்த ஆண்டு, யார் செய்தது என்று இனி எவராலும் சொல்ல முடியாது. விற்பவர்கள் தயவுசெய்து தூசியோடு தாருங்கள். வாங்குகிறவனுக்கு அந்தப் பழைய பெயின்ட்தான் விலை.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. நம் பகுதிப் பாதைகள், தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் மட்டுமே உள்ள மீட்டர் கேஜாக இருந்தவை. கடைசியாகக் காரைக்குடி – திருவாரூர் பாதையும் அகலப்பாதையாகி, 2019 ஜூனில் முழு நீளத்துக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜ் எஞ்சின்களையும் பெட்டிகளையும் படம் எடுத்தவர்கள் நிறைய. பாதையோரம் நின்ற ஜல்லி வண்டியை யார் படம் எடுத்தார்கள்?

மீட்டர் கேஜைச் சிறிய அளவில் செய்வது ஒன்றும் முடியாத காரியமல்ல. 1:160 விகிதத்தில் ஒரு மீட்டர் 6.25 மி.மீ. ஆகிறது. ‘என்’ அளவைவிடச் சிறியதான ‘இசட்’ (Z) அளவுத் தண்டவாளத்தின் இடைவெளி 6.5 மி.மீ. கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். சக்கரமும் பாதையும் கடையில் கிடைக்கும், மேல்கட்டுமானத்தைப் பிளாஸ்டிக் தகட்டில் நாமே வெட்டிச் செய்துகொள்ளலாம். செட்டிநாடு ஸ்டேஷனில் ஒரு ஜல்லி ரயில் நிற்கும் காட்சியை மேசைமேல் அமைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எனக்கு வேண்டியது அளவுகள் மட்டுமே.

எனவே தங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள். காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை, அறந்தாங்கிப் பகுதிகளில் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் வீட்டு ஆல்பங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். சக ஊழியர்களோடு எடுத்த குழுப் படத்தின் பின்னால் ஒரு ஜல்லி வேகன் பாதி தெரிந்தாலும் போதும். வண்டியின் முனைப்பக்கம் நேராக விழுந்த படமாயிருந்தால் இன்னும் நல்லது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1000 மி.மீ. என்பது தெரிந்த கணக்கு. அதைக் கொண்டு வண்டியின் அகலம், உயரம், கதவின் சரிவு எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடலாம். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி வரிசைகூடத் தெளிந்துவிடும்.

அப்படிக் கிடைக்கும் படங்களிலிருந்து அளவு வரைபடம் தயாரித்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளும்படி தங்கள் இதழுக்கே அனுப்பிவைக்கிறேன். படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு உரியவர்களிடம் பத்திரமாகத் திருப்பித் தருவது என் பொறுப்பு. அவற்றை நேராகத் தங்கள் அலுவலக முகவரிக்கே அனுப்பலாமா என்பதை அடுத்த இதழில் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
காரைக்குடி.