அம்மா வீட்டுத் தோட்டத்து வால்வு பற்றி

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லாரும் நலம். அங்கேயும் நலம் என்று மொட்டை சொன்னான். நாலு மாதமாக நான் ஒரு வரி எழுதவில்லை, நீ அனுப்பிய மூன்று கடிதமும் மேசை மேலேயே கிடக்கின்றன. வேலை, பிள்ளைகளின் பரீட்சை என்று காரணம் சொன்னால் நீ நம்ப மாட்டாய். மூன்றாவது கடிதத்தில், உன் அம்மா வீட்டுத் தோட்டத்துத் தண்ணீரை எங்கேயிருந்து வேண்டுமானாலும் போனில் திறந்து மூட எது நல்லது என்று நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அதை எழுத மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

நேற்று மொட்டை பேசும்போது, நீ சாமான் எல்லாம் வாங்கி முடித்துவிட்டாய், அடுத்த மாதம் அம்மா வீட்டுக்குப் போய் மாட்டப் போகிறாய் என்றான். இனிமேல் தள்ளிப்போட முடியாது. உட்கார்ந்துவிட்டேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

போன வருடம் நான் புல்தரைக்கு ஸ்பிரிங்க்ளர் போட்டது உனக்குத் தெரியும், படம் அனுப்பினேன். பின்பக்கம் 80 சதுர மீட்டர் புல், நாலு தெளிப்பான், மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சோலினாய்டு வால்வு, அதை ஓட்ட ரிலே என்கிற ஒரு மின் ஸ்விட்ச், ரிலேயை ஆட்ட ஈஎஸ்பி32 என்கிற வைஃபை உள்ள குட்டி போர்டு. எல்லாவற்றுக்கும் தலைவனாக வீட்டுக்குள்ளே ராஸ்பெர்ரி பை என்கிற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அதில் வீட்டுச் சாமான்களை ஆட்டுவிக்கும் ஹோம் அசிஸ்டென்ட் என்கிற மென்பொருள். இரண்டுக்கும் நடுவே தூது போவது எம்க்யூடிடி என்கிற செய்தி அனுப்பும் முறை. அந்த எம்க்யூடிடியின் கதை எனக்கு அப்போது ரொம்பப் பிடித்திருந்தது. 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க அதை உருவாக்கினார்கள். எண்ணெய்க் குழாய்க்குப் பிறந்தது நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு வேலை செய்கிறதே என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொன்னேன்.

மார்ச் மாதம் மூன்று நாள் வெளியூர் போனோம். இரண்டாம் நாள் நல்ல வெயில். மாலை ஆறரைக்கு, எந்த அவசரமும் இல்லாமல், சும்மா ஒரு ஆசையில் போனை எடுத்துப் பின்பக்கத் தண்ணீரைத் திறந்தேன். 10 நிமிடத்தில் தானாக நிற்க வேண்டும், அப்படித்தான் எழுதியிருந்தேன். திற, 10 நிமிடம் காத்திரு, மூடு. ஆறு மாதமாக ஒரு நாளும் தவறியதில்லை. போனைப் பையில் போட்டுவிட்டுப் பேச்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பத்து நிமிடத்துக்குள் வீட்டில் மின்சாரம் ஒரு கணம் போய் வந்திருக்கிறது. ராஸ்பெர்ரி பையும் போர்டும் இரண்டுமே அணைந்து மறுபடி எழுந்தன. ஹோம் அசிஸ்டென்டில் ஓர் ஆட்டோமேஷன், அதாவது நாம் எழுதி வைத்த தானியங்கி வேலை, பாதியில் காத்துக்கொண்டிருக்கும்போது அது மறுதொடக்கம் ஆனால், அந்தக் காத்திருப்பு அதோடு போயிற்று. எழுந்த பிறகு மிச்சத்தை அது தொடராது. ஆக, மூடு என்கிற கட்டளை போகவே இல்லை. சரி, போர்டும்தானே அணைந்தது, வால்வு மூடியிருக்க வேண்டுமே என்பாய். மூடியது, சில வினாடிகளுக்கு. அப்புறம் போர்டு எழுந்து, எனக்கு ஏதாவது செய்தி உண்டா என்று எம்க்யூடிடியிடம் கேட்டது. நான் திற என்ற கட்டளையை ரீட்டெய்ன் போட்டு அனுப்பியிருந்தேன், அதாவது கடைசிச் செய்தியைப் பத்திரமாக வைத்திருந்து புதிதாக வருகிறவர்களுக்குக் கொடு என்று. அது பத்திரமாக வைத்திருந்து கொடுத்தது. போர்டு மறுபடி திறந்துகொண்டது.

இரவு பத்து மணிக்கு ஏதோ தோன்றிப் போனைப் பார்த்தேன். பொத்தான் 'ஓடுகிறது' என்றே காட்டியது. அணைத்தேன். ஒரு நொடி அணைந்தது போல நகர்ந்து, மெல்லத் திரும்பித் தானே தன் இடத்துக்கு வந்து நின்றது. மறுபடி அணைத்தேன். மறுபடி திரும்பியது. அதற்குப் பிறகு இணைப்பே கிடைக்கவில்லை, ரவுட்டர் அந்த மின்வெட்டில் சரியாக எழவில்லை போல. கட்டைவிரலால் அந்தப் பொத்தானை எத்தனை முறை தள்ளியிருப்பேன் என்று கணக்கே இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தேன், அவர்கள் தூங்கிவிட்டார்கள். இரவெல்லாம் உட்கார்ந்திருந்தேன். காலை ஐந்தரைக்கு அந்த வீட்டுப் பெரியவரே அழைத்தார். "தம்பி, உங்க பக்கத்துச் சுவர் வழியா தண்ணி வருது, எங்கே மூடணும்?" என்றார்.

எங்கே என்று சொன்னேன், மீட்டருக்குப் பக்கத்தில். மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கைப்பிடி இருக்கு, எந்தப் பக்கம் திருப்ப?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. பந்து வால்வுதான், கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது, கால் சுற்றுதான். இதைச் சொல்லப் பத்து வினாடி போதும். எழுபது தாண்டிய மனிதர், இருட்டில், குளிர்ந்த தண்ணீரில் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார், நான் போனில் இடம் வலம் என்று உளறிக்கொண்டிருக்கிறேன். இந்த வால்வு எங்கே இருக்கிறது என்று அதற்கு முன்னால் நான் யாருக்குமே காட்டியதில்லை. என் மனைவிக்குக்கூட.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு தெளிப்பானும் சேர்ந்து நிமிடத்துக்கு 20 லிட்டர். 11 மணி நேரம். 13,200 லிட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டர் மழை, அந்தக் கணக்கில் ஒரே இரவில் 165 மில்லிமீட்டர். புல்லுக்கு வாரம் 25 மில்லிமீட்டர் போதும் என்று நானே உனக்கு எழுதியிருக்கிறேன். புல் பிழைத்துவிட்டது. பெரியவர் விதைத்து முளைத்திருந்த நாற்றுப் பாத்தி போய்விட்டது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போய் நின்றபோது, "நீங்க வந்தாச்சா, சரி" என்றார். அதற்குப் பதில் சொல்ல இன்னமும் என்னிடம் வார்த்தை இல்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ கேட்டது, எங்கேயிருந்து வேண்டுமானாலும் போனில் திறந்து மூட எது நல்லது என்று. எங்கேயிருந்து வேண்டுமானாலும் திற, தப்பில்லை. மூடுவதை மட்டும் போனுக்கு விடாதே, வீட்டுக்குள் இருக்கிற தலைவனுக்கும் விடாதே. மூடும் பொறுப்பு வால்வுக்குப் பக்கத்தில் இருக்கிற போர்டிடமே இருக்க வேண்டும். நான் இப்போது 'திற' என்று அனுப்புவதே இல்லை, '10 நிமிடம் ஓடு' என்றுதான் அனுப்புகிறேன். எண்ணுவது போர்டு. நடுவில் வைஃபை போகட்டும், ராஸ்பெர்ரி பை செத்துப் போகட்டும், இணையம் ஒரு வாரம் இல்லாமல் போகட்டும், பத்தாவது நிமிடம் அது மூடிவிடும். இந்தப் போர்டுகளுக்கான மென்பொருளான ஈஎஸ்பிஹோமில் இதற்கென்றே ஸ்பிரிங்க்ளர் பகுதி ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு வால்வுக்கும் ஓடும் நேரத்தைப் போர்டிலேயே வைத்துக்கொள்ளும். அதோடு, எழும்போதெல்லாம் எல்லா ரிலேயும் அணைந்தே எழ வேண்டும் என்று எழுதிவிடு. கட்டளைக்கு ரீட்டெய்ன் போடவே போடாதே. நிலையைச் சொல்லும் செய்திக்குப் போடலாம். யார் என்ன அனுப்பினாலும் 30 நிமிடத்துக்கு மேல் எந்த வால்வும் திறந்திருக்கக் கூடாது என்று ஒரு உச்ச வரம்பும் வை. இதெல்லாம் பத்து வரி வேலை.

மொட்டை சொன்னதில் ஒன்று என்னை உறுத்தியது. வால்வு 24 வோல்ட் ஏசி, ஆனால் உன்னிடம் பழைய 24 வோல்ட் டிசி அடாப்டர் கிடக்கிறது, அதையே கொடுக்கப் போகிறாய் என்றான். வேண்டாம்டா. வால்வுக்குள் ஏசிக்கென்று சுற்றிய காயிலில், அதாவது கம்பிச் சுருளில், அதே வோல்ட் டிசி கொடுத்தால் கரண்ட் அதிகமாக ஓடிச் சூடாகும், காயில் கருகும். சிவப்பு ஒயர் சம்பவத்துக்குப் பிறகும் உனக்கு இந்த ஆசை போகவில்லையா? சரியான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கிக்கொள். ரிலே போர்டு வாங்கியிருந்தால் அதையும் மேசையில் வைத்து நாலு தடவை மின்சாரத்தைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பார். சில பின்கள் போர்டு எழும்போது தானாக ஒரு துள்ளு துள்ளும், ரிலே டக்கென்று அடிக்கும். அந்தப் பின்னை விட்டுவிட்டு வேறு பின்னில் மாட்டு.

அப்புறம் ஒன்று, இதைச் சொல்லாமல் கடிதத்தை மூட மாட்டேன். போனில் 'மூடியிருக்கிறது' என்று வந்தால், ரிலே அணைந்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். தண்ணீர் நின்றதா என்று அதற்குத் தெரியாது. மார்ச் கூத்துக்குப் பிறகு பிரதானக் குழாயில் தண்ணீர் ஓட்டத்தை அளக்கும் ஒரு ஃப்ளோ சென்சார் போட்டேன். உள்ளே சின்னச் சக்கரம் ஒன்று சுற்றும், லிட்டருக்குச் சுமார் 450 துடிப்பு வரும், என் நாலு தெளிப்பானும் ஓடும்போது வினாடிக்கு 150. மே மாதம் ஒரு நாள் எல்லாம் அணைந்திருக்கிறது, ஆனால் வினாடிக்கு 15 துடிப்பு வந்துகொண்டே இருந்தது. நிமிடத்துக்கு 2 லிட்டர். வெளியே போய்ப் பார்த்தால் ஒரு தெளிப்பானின் வாயில் மட்டும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு வழிகிறது.

வால்வைக் கழற்றினேன். ஆறு ஸ்க்ரூ, மேல் மூடியைத் தூக்கினால் ஒரு ஸ்பிரிங், அதன் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு ரப்பர் டயாஃப்ரம். நீ திறந்து பார்த்திருக்க மாட்டாய், பார், அழகான பொருள். இந்த வால்வை மூடி வைத்திருப்பதே தண்ணீரின் அழுத்தம்தான். ரப்பருக்கு மேலேயும் அதே தண்ணீர் நின்று அழுத்துகிறது. சோலினாய்டு ஒரு சின்னத் துளையைத் திறந்து மேலே இருக்கிற அழுத்தத்தை விடுகிறது, ரப்பர் தானாக மேலே எழும்புகிறது. கால் ஆம்பியர் மின்சாரத்தால் அவ்வளவு தண்ணீரைத் திறக்கவும் நிறுத்தவும் முடிவதெல்லாம் அதனால்தான். அந்த ரப்பருக்கும் அது உட்காரும் விளிம்புக்கும் நடுவே ஒரே ஒரு மணல், பென்சில் முனை அளவு. நகத்தால் எடுத்தேன். கழுவி மாட்டியதும் துடிப்பு பூஜ்யத்துக்கு வந்தது. எந்தக் கம்ப்யூட்டரும் அந்த மணலைப் பார்த்திருக்காது, சக்கரம் பார்த்தது. வால்வுக்கு முன்னால் ஒரு வடிகட்டி போடாமல் விட்டது என் தப்பு. நீ போட்டுவிடு.

வெளியிலிருந்து வீட்டுக்குள் வர ரவுட்டரில் போர்ட் திறந்து வைக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். ஹோம் அசிஸ்டென்டுக்கு நேராகத் திறக்காதே. உன்னால் வர முடிகிற வழியில் மற்றவர்களும் வந்து தட்டிப் பார்ப்பார்கள். வயர்கார்டு போட்டுக்கொள், உன் போனுக்கும் வீட்டுக்கும் நடுவே மறைகுறியாக்கிய சுரங்கப் பாதை போடும் மென்பொருள், எளிது. உன் போன் முதலில் அந்தச் சுரங்கப் பாதைக்குள் போகும், அப்புறம் வீட்டில் இருப்பது போலவே எல்லாம் தெரியும்.

இத்தனையும் எழுதிவிட்டேன், ஆனால் நாலு மாதமாக மனதில் கிடப்பது வேறு. என் வீட்டில் தண்ணீர் ஓடியபோது பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அங்கே அம்மா மட்டும்தான் இருக்கிறார்கள். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு ஹோஸ் பைப்பை இழுக்க முடியவில்லை என்பதற்காகத்தான் நீ இதைச் செய்கிறாய், புரிகிறது. இது தவறினால் இருட்டில் வெளியே இறங்கி முட்டி மடக்கி உட்கார வேண்டியவர்களும் அதே அம்மாதான். எனக்கு அந்தக் காட்சியை நினைத்தாலே பொறுக்கவில்லை.

அதனால் போர்டைத் தொடும் முன் இரண்டு வேலை செய். கை வால்வைத் தரையிலிருந்து எடுத்து இடுப்பு உயரத்துக்குக் கொண்டு வா, கொல்லைக் கதவுக்குப் பக்கத்திலேயே. கைப்பிடிக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து, குறுக்கே இருந்தால் மூடியது என்று அம்மா கையாலேயே நாலு முறை திருப்ப வை. வீட்டுக்குள்ளே சுவரில் பெரிதாக ஒரு பொத்தான் வை, அழுத்தினால் எல்லாம் நிற்க வேண்டும், போர்டிலிருந்து நேராக ஒயர் போட்டு, வைஃபை வழியாக வேண்டாம். பக்கத்திலேயே இன்னொரு பொத்தான், அழுத்தினால் 10 நிமிடம் ஓட.

அந்த இரண்டாவது பொத்தான் ஏன் என்று யோசித்துப் பார். நாம் ஹாஸ்டலிலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்த நாட்களில் அம்மா காலையில் முதலில் செய்தது செடிக்குத் தண்ணீர் விட்டதுதான். விரலால் குழாய் வாயை அடைத்து விசிறி போல அடிப்பார்கள், நாம் திண்ணையில் உட்கார்ந்து நனைவோம். எந்தச் செடி எவ்வளவு குடிக்கும் என்று அந்த விரலுக்குத் தெரியும். இதை மாட்டித் தரட்டுமா என்று நீ அவர்களைக் கேட்டாயா? உன் மூன்று கடிதத்தையும் மறுபடி படித்துவிட்டேன், அதில் எங்கேயும் இல்லை. கேட்டுவிட்டு எழுது. வேண்டும் என்றால் நானும் வருகிறேன், இரண்டு நாள் லீவு போடுகிறேன். ஒரே அளவுத் தம்ளர்களைப் புல் முழுக்கப் பரப்பி வைத்து 15 நிமிடம் ஓட விட்டு எங்கே எவ்வளவு விழுகிறது என்று அளந்து பார்ப்போம். என் வீட்டில் ஒரு மூலையில் 2 மில்லிமீட்டர், நடுவில் 6. அதைப் பார்த்த பிறகுதான் தெளிப்பானின் கோணத்தையே மாற்றினேன். நீயும் மொட்டையும் தம்ளரை எடுத்து வையுங்கள், படிப்பதும் எழுதுவதும் நான்.

பெரியவர் வீட்டுப் பாத்தியில் மறுபடி விதைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய் வரப்பு கட்டிக் கொடுத்தேன். தண்ணீர் அவரே ஊற்றுகிறார், வாளியில்.

அம்மாவுக்கு என் வணக்கம் சொல். பதிலுக்குக் காத்திருக்கிறேன், என்னைப் போல நாலு மாதம் ஆக்காதே.

உன்
பழைய அறை நண்பன்