ரத்தம் கக்கும் முன்னே ஒரு கணக்குப் போடுங்கள்

கன்னியாகுமரி மாவட்டச் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் அப்பா குலசேகரம் பக்கம் முப்பது வருஷம் ரப்பர் பால்வெட்டினவர். மதுவைத் தொட்டதில்லை. சர்க்கரை மட்டும் பதினோரு வருஷமாக உண்டு. போன தை மாசம் ஒரு விடியற்காலை, தலையில் கட்டிய லைட் எரிந்தபடியே மரத்தடியில் ரத்தம் கக்கிக் கிடந்தார். பக்கத்துச் சிரட்டையில் பாலோடு சிவப்பும் கலந்திருந்தது. "ரகசியமாக் குடிச்சிருப்பாரு" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஒரு சொந்தக்காரர் சொன்னதை அம்மா இன்னும் மறக்கவில்லை.

குடிக்காதவருக்கும் சர்க்கரை இருந்தால் ஈரலில் கொழுப்பு சேரலாமாம். அப்பாவுக்கு அப்படிக் கொழுப்பு சேர்ந்து, ஈரல் தழும்பாகிச் சுருங்கியிருந்தது. மருத்துவர் ஸ்கேன் கவரின் பின்பக்கம் படம் வரைந்து விளக்கினார். ஈரலின் நுண்குழாய்ச் சுவரில் சல்லடை போலத் துளைகள் உண்டு. அழற்சி நீடித்தால் அவை அடைபடும். ஓரமாகக் கிடந்த நட்சத்திர செல்கள் விழித்து நார் நெய்யும். தழும்பு தடிக்கத் தடிக்க உள்ளே ஆக்சிஜன் குறையும். மூச்சுமுட்டும் செல்கள் விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து புது ரத்தக்குழாய்களை வரவழைக்கும். உதவிக்கு வருகிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அவை ஒழுகும் குழாய்கள். அழற்சி செல்களை உள்ளே கொண்டுவந்து இன்னும் நார் சேர்க்கும். சரி, மருந்தால் அவற்றைத் தடுக்கலாமே என்றேன். தழும்பு கரையவும் அதே விஇஜிஎஃப் தேவைப்படுவதை எலிகளில் பார்த்திருக்கிறார்களாம்.

பேச்சிப்பாறைக் கால்வாயில் செடி மண்டினால் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு பக்கத்து வயலில் பாயும் அல்லவா? குடலிலிருந்து ஈரலுக்கு வரும் ரத்தமும் அப்படித்தான் வேறு வழி தேடி, உணவுக்குழாயின் மெல்லிய ரத்தக்குழாய்களைப் புடைக்க வைக்கிறது. ஈரலுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் சாதாரணமாக 5 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கும், 12ஐத் தாண்டினால் அவை வெடிக்கலாம். அப்பாவுக்கு வெடித்தது. சின்ன ரப்பர் வளையங்கள் போட்டுத்தான் நிறுத்தினார்கள்.

அப்புறம் வீட்டில் பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைத் தேடினேன். மூன்று வருஷத்தில் பிளேட்லெட் 1,62,000, 1,31,000, 98,000. எல்லாம் காய்ச்சலுக்கு எடுத்தவை; சேர்த்து வைத்து யாரும் பார்க்கவில்லை. அழுத்தம் ஏறினால் மண்ணீரல் வீங்கி பிளேட்லெட் குறையும் என்பது எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் எங்கள் வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்த ஊழியர்கள் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. அதே வருஷம் கொழுப்பு ஈரலையும் தொற்றா நோய்த் திட்டத்தில் மத்திய அரசு சேர்த்தது. ஆகவே கேட்கிறேன்: சர்க்கரை உள்ள ஒவ்வொருவருக்கும் வருஷம் ஒருமுறை, ஈரலில் தழும்பு இருக்குமா என்று மதிப்பிடும் ஃபிப்-4 கணக்குப் போடுங்கள். வயது, பிளேட்லெட், இரண்டு ஈரல் நொதிகளின் அளவு, இவ்வளவுதான் வேண்டும். 65 வயதுக்குள் இருப்பவருக்கு 1.3க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் பயமில்லை. கூடினால், ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கு அனுப்புங்கள்.

அப்பாவின் மூன்று சீட்டுகளின் நகலையும் இதோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் மகள்