42 மாதம் என்று கெடு வைத்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேதாகமத்தில் வரும் பயங்கர மிருகங்களுள் எது பலசாலி என்று மதிப்பெண் போட்டு, உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. ஏற்காட்டில் பல வருடங்களாக ஞாயிறு பள்ளி நடத்துகிறவள் என்பதால் அதை ஆவலோடு படித்தேன். படித்து முடித்தபோது மனம் ஒப்பவில்லை.

கேள்வி எனக்குப் புதிதல்ல. காப்பித் தோட்டத்துக்குள் காட்டெருமை இறங்கிய வாரங்களில் எங்கள் பிள்ளைகள் வேறெதையும் பேசமாட்டார்கள். "பிகெமோத்து இதைவிடப் பெரிதா, டீச்சர்?" என்று கேட்பார்கள். பிகெமோத்து என்ற அந்த ராட்சத மிருகம் மாட்டைப்போல் புல் தின்னும் என்று வேதாகமத்தின் யோபு புத்தகம் சொல்கிறதே, அதனால்தான். மல்யுத்த வீரர்களின் படம் போட்ட ட்ரம்ப் கார்டுகளை வைத்து உயரமும் எடையும் சொல்லி விளையாடுகிற வயது. அவர்கள் அப்படிக் கேட்பதில் குறையில்லை. கட்டுரையாளரும் அதே சீட்டுகளை வைத்து, எத்தனை தலை, எத்தனை கொம்பு என்று எண்ணியதுதான் குறை.

முதலில் லிவியாதான் என்ற ராட்சத நீர்வாழ் ஜீவனை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். யோபு 41இல் அதற்கு நிகர் பூமியில் இல்லை. உண்மைதான். ஆனால் அங்கே அது கடவுள் தம் படைப்பைக் காட்டிப் பெருமைப்படும் ஒரு ஜீவன். 104ஆம் சங்கீதத்தில் கப்பல்கள் ஓடும் கடலில் விளையாடிக்கொண்டிருக்கிறது. ஏசாயா 27இலோ அது வெட்டுண்டு சாகும் பகையாகிறது. ஒரே பெயர் மூன்று இடத்தில் மூன்று வேலை செய்கிறது. எந்த இடத்து லிவியாதானுக்கு மதிப்பெண் போட்டார்கள்?

இனி வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம், 13ஆம் அதிகாரம். கடலிலிருந்து ஏறிவரும் மிருகத்துக்கு உடல் சிறுத்தை, கால்கள் கரடி, வாய் சிங்கம். தானியேல் 7இல் தனித்தனியாக வந்த மிருகங்களை, இந்தப் புத்தகத்தை எழுதிய யோவான் ஒன்றாகப் பிணைத்திருக்கிறார். அங்கே சிங்கத்துக்கு ஒரு தலை, கரடிக்கு ஒன்று, சிறுத்தைக்கு நான்கு, இரும்புப் பற்கள் கொண்ட நான்காவதற்கு ஒன்று. கூட்டினால் ஏழு. பத்துக் கொம்புகளும் அந்த நான்காவதன் தலையிலிருந்தவை. தானியேல் அந்த மிருகங்களை ராஜாக்கள், ராஜ்யங்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறார். ஆக, ஏழு தலை என்பது சண்டைக்கான ஆயுதக் கணக்கு ஆகாது. அத்தனை சாம்ராஜ்யங்களின் கொடுமையும் ஒன்றாய்த் திரண்டு நிற்கிறது என்று பொருள். யோவான் இதை எழுதி அனுப்பியது ரோமுக்கு அஞ்சி வாழ்ந்த ஆசியாவின் (இன்றைய துருக்கிப் பகுதி) ஏழு சபைகளுக்கு; அவர்களுக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியிருந்திருக்காது.

மிருகத்தின் பலத்தைச் சொல்ல யோவான் திரும்பத் திரும்ப எடுப்பது ஒரே வினைச்சொல்: "கொடுக்கப்பட்டது." ஐந்தாம், ஏழாம் வசனங்களில் மட்டும் நான்கு தடவை வருகிறது. பேசும் வாய் கொடுக்கப்பட்டது, அதிகாரம் கொடுக்கப்பட்டது. கொடுத்தது யார்? இரண்டாம் வசனத்தில் வலுசர்ப்பம், அதாவது சாத்தான், தன் பலத்தையும் சிங்காசனத்தையும் கொடுக்கிறது. (கத்தோலிக்க அன்பர்களின் மொழிபெயர்ப்பில் அது அரக்கப் பாம்பு. அந்தச் சொல்லும் எனக்குப் பிடிக்கும்.) ஐந்தாம் வசனத்திலிருந்து கொடுத்தவர் பெயர் இல்லை. ஆனால் அங்கேதான் 42 மாதம் என்ற கெடு வருகிறது. தன் ஆளுக்குத் தானே கெடு வைப்பதால் வலுசர்ப்பத்துக்கு என்ன லாபம்? கெடு வைத்தது அதற்கும் மேலே இருக்கிறவர்தான். 9ஆம் அதிகாரத்து வெட்டுக்கிளிகளும் அப்படியே: ஐந்து மாதம் வேதனைப்படுத்தலாம், கொல்ல உத்தரவில்லை. வலுசர்ப்பத்துக்கும் தனக்குக் கொஞ்சக்காலமே உண்டு என்பது தெரியும். அதன் ஆவேசத்துக்கு அதையே காரணமாகச் சொல்கிறது 12ஆம் அதிகாரம் 12ஆம் வசனம்.

இதைப் படித்துவிட்டு, மிருகங்கள் வெறும் பூச்சாண்டி என்று யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லவும் வேண்டாம். ஏழாம் வசனம் மிருகம் பரிசுத்தவான்களை ஜெயிக்கும் என்றே எழுதுகிறது. மக்கள் "அதினோடே யுத்தம்பண்ணத்தக்கவன் யார்?" என்று கேட்டதும் வெறும் பேச்சல்ல. அந்தப் பகுதியை வாசிக்கும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

பிறகு நடப்பதைப் பாருங்கள். மிருகம் பிடிபட்டு உயிரோடே அக்கினிக்கடலில் தள்ளப்படுகிறது. வலுசர்ப்பத்தை ஆயிரம் வருஷம் கட்டிப்போடுவது பெயர்கூடச் சொல்லப்படாத ஒரே ஒரு தூதன், கையில் ஒரு சாவியும் சங்கிலியும். 17:14இல் மிருகத்தோடு சேர்ந்த பத்து ராஜாக்களையும் ஜெயிக்கிறவரின் பெயர் ஆட்டுக்குட்டியானவர், அதாவது கிறிஸ்து. 5ஆம் அதிகாரத்தில் "யூதா கோத்திரத்துச் சிங்கம்" என்று கேட்டுத் திரும்பிப் பார்த்த யோவானின் கண்ணில் பட்டது அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டிதான். உங்கள் பட்டியலில் அந்த ஆட்டுக்குட்டிக்கு இடமே இல்லை. அதற்கும் ஏழு கொம்புகள் உண்டு என்பதையாவது கவனித்திருக்கலாம்.

கட்டுரையோடு வந்த படத்திலும் ஒரு பிழை. வலுசர்ப்பத்தின் கொம்புகளில் பத்து முடிகள் (கிரீடங்கள்) வரைந்திருக்கிறார்கள். அதற்குத் தலைகளில் ஏழு முடிகள் (12:3). கொம்புகளில் பத்து முடி சூடியது கடல் மிருகம் (13:1). அடுத்த ஞாயிறு இதைத் திருத்தி வெளியிட்டால், வகுப்புச் சுவரில் ஒட்ட எனக்கு உதவும்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.